மர அழுகல் பூஞ்சையில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு: உப்பையும் வெப்பத்தையும் சேர்த்தே வையுங்கள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு, மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகள் உப்பையும் வெப்பத்தையும் எந்த அளவுக்குத் தாங்கும் என்பது. செலவு குறைவான வேலைதான். ஆனால் பூஞ்சையை வளர்க்கும் அகார் (கூழ் போன்ற ஊடகம்) தட்டுகளை ஊற்றும் முன்பே திட்டம் தெளிவாக இருக்க வேண்டும்.

பூஞ்சைக்கு அலைய வேண்டாம். பட்டுப்போன மாங்கிளையில் சின்னச் சின்ன வெள்ளை விசிறிகளாக, அடியில் செவுள்கள் நெடுக்காகப் பிளந்து நிற்பது ஸ்கைசோஃபில்லம் கம்யூன். அதோடு ஒப்பிட, 40 டிகிரியிலும் வேகமாக வளரும் ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற மர அழுகல் பூஞ்சையும் கிடைத்தால் நல்லது.

பலர் உப்பை ஒரே வெப்பநிலையிலும், வெப்பத்தை உப்பில்லாமலும் சோதித்து முடித்துவிடுகிறார்கள். வெப்பம் மாறும்போது உப்பைத் தாங்கும் திறனும் மாறுகிறதா என்ற முக்கியமான கேள்வி அங்கேயே விட்டுப்போகிறது. 0, 1, 2, 3, 5 சதவீத உப்பு ஒவ்வொன்றையும் எல்லா வெப்பநிலையிலும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று தட்டுகள். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம் என்பதால் இந்த வரிசைக்கு ஒரு பொருளும் உண்டு.

தட்டில் வைக்கும் துண்டைப் பூஞ்சையின் வளரும் விளிம்பிலிருந்தே எடுங்கள். தட்டின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரு கோடு போட்டு, தினமும் ஒரே நேரத்தில் விட்டத்தை அளந்தால் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம் கிடைக்கும். கடைசி நாள் அளவை மட்டும் எழுதினால், தாமதமாகத் தொடங்கியதா, மெதுவாக வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம், 37 டிகிரிக்கு மேல் அகார் சீக்கிரம் காயும். காய்ந்தால் உப்பின் செறிவு தானாக ஏறிவிடும். நீங்கள் எழுதிய 3 சதவீதம் அங்கே இருக்காது. தட்டின் ஓரத்தில் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றுங்கள், இன்குபேட்டருக்குள் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். உப்புத் தட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சை சுலபமாக வந்து உட்காரும், அதையும் கவனியுங்கள்.

உப்பு இரண்டு வழியில் தடுக்கிறது: பூஞ்சைக்குக் கிடைக்கும் நீரைக் குறைக்கிறது, சோடியம் அயனியும் நஞ்சாகிறது. எது காரணம் என்று பார்க்க, அதே அளவு நீர்ச்செயற்பாடு (பூஞ்சைக்குக் கிடைக்கும் நீரின் அளவுகோல்) வருமாறு, சோடியம் இல்லாத கிளிசரால் சேர்த்த தட்டையும் ஒப்பிடுங்கள்.

வைவாவில் என்னிடம் கேட்டது: “5 சதவீதத்தில் பூஞ்சை செத்துவிட்டதா, இல்லை நின்றிருக்கிறதா?” வளராத துண்டை உப்பில்லாத தட்டுக்கு மாற்றினால் அதற்குப் பதில் கிடைக்கும். அடுத்த கேள்வி, மரம் எவ்வளவு அழுகியது என்பது. அகாரில் வேகமாகப் பரவுவது மரத்தைத் தின்றதற்குச் சான்றாகாது. சிறு மரக்கட்டைகளை உலர்த்தி எடைபோட்டு, பூஞ்சையோடு சில வாரம் வைத்து, மறுபடி உலர்த்தி எடை இழப்பைக் கணக்கிடுங்கள். இது நாள் பிடிக்கும் வேலை, அதனால் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.