கார்டு நன்றாகத்தான் இருந்தது, கோட்டை விட்டது நீலத் திரையில்

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி, உபுண்டு லினக்ஸில் ரேவன்காயின் என்ற கிரிப்டோ காயினுக்கு மைனிங் ஓட்ட, அதாவது கார்டைக் கணக்குப் போடவைத்துக் காயின் சம்பாதிக்க, இறங்கினேன். 2022 செப்டம்பரோடு எத்தீரியத்தில் மைனிங்கே இல்லாமல் போனதால், கார்டு வைத்திருப்பவர்களுக்கு இப்போது இந்த மாதிரிக் காயின்கள்தான். வாலட் (காயின் வந்து சேரும் இடம்), பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் குழு) எல்லாம் அரை மணி நேர வேலை.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான் மாட்டிக்கொண்டேன். இன்ஸ்டால் ஆனது, ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று, ஆனால் கார்டின் நிலையைக் காட்டும் என்வீடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தால் டிரைவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரே வரி. மைனிங் செய்யும் மென்பொருளான மைனரோ கார்டே இல்லை என்கிறது. நீக்கிவிட்டுப் போட்டேன், வேறு வெர்ஷன் போட்டேன், ராத்திரி இரண்டு மணி வரை அதே வரிதான். செத்த கார்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவ்வளவு கோபம். மறுநாள் கத்திரி வெயிலில் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் பிடித்து, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நேரே கடைக்குப் போனேன். கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. தன் விண்டோஸ் கணினியில் செருகினார், ஃபேன் சுற்றியது, கேமும் ஓடியது. "கார்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்க சிஸ்டத்தைப் பாருங்க."

அவர் சொன்னது சரி. பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்கில்) செக்யூர் பூட், அதாவது கையொப்பம் சரிபார்க்காத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு, ஆனில் இருந்தது. அது ஆனில் இருந்தால் டிரைவர் போடும்போதே உபுண்டு ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வரும். அதில் டிரைவரின் சாவியைப் பதிவு செய்யும் 'என்ரோல் எம்ஓகே' போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். சில நொடிகள்தான் காத்திருக்கும், நான் டீ போடப் போயிருந்தேன். தவறவிட்டால் உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் அந்த டிரைவரை ஏற்றாது. திரும்பப் பதிவு செய்யலாம், இல்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம். நான் அணைத்தேன். அடுத்த நிமிடமே கார்டின் பெயர், வெப்பநிலை, வாட் எல்லாம் கட்டம் கட்டி வந்து நின்றது, அப்படி ஒரு நிம்மதி!

அப்புறம் சூடு. சென்னை மே மாதத்தில் 170 வாட்டில் விட்டால் அறையில் உட்கார முடியாது, பவர் லிமிட்டை என்வீடியா-எஸ்எம்ஐ கட்டளையிலேயே 120-க்கு இறக்கிவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் பழையபடி 170-க்குப் போய்விடும், அதனால் அந்தக் கட்டளையை சிஸ்டம்டி சர்வீஸாக, அதாவது ஒவ்வொரு பூட்டிலும் தானாக ஓடும்படி, போட்டுவிடுங்கள்.

இபி பில்லைக் கட்டாயம் கணக்குப் போடுங்கள். மொத்த கணினியும் இரவு பகலாக 200 வாட் இழுத்தால் 60 நாளில் 288 யூனிட், அதோடு வீட்டுச் செலவும் சேரும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரை இருந்த குறைந்த கட்டணமும் போய்விடும். காயினை விற்றால் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதில் கரண்ட் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். ஞாயிறுதோறும் மீட்டரைக் குறித்துவைக்கிறேன், 450 வந்தால் அடுத்த ரீடிங் வரை மைனரை நிறுத்திவிடுவேன்.