பசி எடுக்காத மாதங்களில் சாப்பிடப் பழகியது

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் என்று தெரிந்ததும், "இனிமேல் ஆசைப்பட்டதைச் சாப்பிடவே முடியாதா?" என்றுதான் பெரும்பாலோர் என்னிடம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் சிரமம் வேறு இடத்தில் இருந்தது. குறைவாகச் சாப்பிடுவதற்கு நான் எந்தப் பாடும் படவில்லை; இரைப்பையின் அளவே அதைப் பார்த்துக்கொண்டது. பசி என்ற உணர்வே எழாத மாதங்களில், உடம்புக்குத் தேவையான தண்ணீரையும் புரதத்தையும் சத்து மாத்திரைகளையும் நாள் தவறாமல் உள்ளே செலுத்துவதுதான் கடினமாக இருந்தது. அதையும் நீலகிரிக் குளிரில், விடிந்தது முதல் இருட்டும் வரை தேநீரிலேயே பொழுது நகரும் ஓர் ஊரில் இருந்துகொண்டு செய்ய வேண்டியிருந்தது. இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் மலைவாசிகளுக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

நான் கேத்தியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. சிகிச்சைக்கு முன் என் எடை 112 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 46. சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குச் செல்லும் ஏற்றத்தில் முழங்கால் வலியால் நின்று நின்றுதான் நடக்க முடிந்தது. இந்தக் குறியீடு 37.5-ஐத் தாண்டியவர்களுக்கும், சர்க்கரை நோய் போன்ற துணை நோய்களோடு 32.5-ஐத் தாண்டியவர்களுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பரிசீலிப்பது நம் நாட்டில் பல ஆண்டுகளாக இருந்த வரையறை என்று கோவையில் என்னைப் பரிசோதித்த மருத்துவர் விளக்கினார். எனக்குச் செய்தது ஸ்லீவ் எனப்படும் முறை. இதில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒடுங்கிய குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் நீக்கப்படும் அந்த மேற்பகுதியில்தான் சுரக்கிறது என்பதால், கொள்ளளவு குறைவதோடு பசியும் அடங்கிவிடுகிறது.

கோடை விடுமுறையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினேன். மலையடிவாரத்தில் உள்ள கல்லாற்றைத் தாண்டி ஏறத் தொடங்கினாலே எனக்குக் குமட்டும் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். உள்ளே புதுத் தையல் இருக்கும் நிலையில் வாந்தி வரக்கூடாது என்று அவர் குமட்டலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, முன் இருக்கையில் அமர்ந்து மெதுவாகப் போகச் சொன்னார். இறங்கும் பயணத்தைப் பற்றி மட்டும் யோசிக்கும் நம் ஊர்க்காரர்கள், ஏறும் பயணத்தைப் பற்றியும் மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் வாரங்கள் முழுக்கவும் திரவம்தான். இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், தெளிந்த காய்கறி சூப், பிறகு பாலில் கலக்கிய புரோட்டீன் பவுடர். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்றார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்குத் தாகம் வந்து நினைவூட்டும். ஜூன் மாத மூடுபனியில் எங்களுக்குத் தாகம் எடுப்பதே இல்லை. ஒரு மடக்கில் கால் டம்ளர் குடித்தால்கூட மார்பெலும்புக்குப் பின்னால் கல் வைத்ததுபோல அடைத்துக்கொள்ளும். ஆகவே மருந்துப் புட்டியோடு வரும் 30 மில்லி அளவு மூடியை எடுத்து வைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை அதில் ஊற்றி, கால் மணிக்கு இரண்டு மூடி வீதம் உறிஞ்சினேன். பச்சைத் தண்ணீர் வயிற்றைப் பிடித்து இழுத்தது. வெதுவெதுப்பாக இருந்தால் சிரமமில்லாமல் இறங்கியது. பள்ளி திறந்தபின் பாட்டிலில் பேனாவால் கோடுகள் போட்டு, ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஒரு கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சிறுநீர் அடர் மஞ்சளாகிவிட்டால் அன்று தண்ணீர் போதவில்லை என்று பொருள். தலைசுற்றலும் பின்னாலேயே வந்துவிடும்.

திரவத்திலிருந்து மசித்த உணவுக்கு மாறியபோது மலையின் உயரமே ஒரு விஷயமாகிவிட்டது. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு நன்றாகக் குழையாது. விரலுக்கு மென்மையாகத் தெரியும் பருப்பில்கூட நடுவில் ஒரு சிறு கடினம் இருக்கும். அந்தக் கடினத்தைப் புது இரைப்பை உடனே கண்டுபிடித்துவிடும். குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் வைத்து, பிறகு மத்தால் கடைந்து, வடிகட்டியில் தேய்த்து எடுத்தால்தான் எனக்கு ஒத்துக்கொண்டது. அவரைப் பருப்பை முந்தின இரவே ஊறவைத்துத் தோல் பிதுக்கி வேகவைத்தோம். எங்கள் பக்கத்து வீடுகளில் அவரைக் குழம்பு இல்லாத வாரமே கிடையாது. அது புரதம் நிறைந்த உணவு என்பது எனக்குப் பெரிய அனுகூலம்.

குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டியால் நாலைந்து வாய் சாப்பிட்டதும் போதும் என்று வைத்துவிடுவேன். என் மாமியார் இதைப் பார்த்து மிகவும் கலங்கினார். "ஏங்கண்ணு, இதைச் சாப்பிட்டு உடம்பு எப்படித் தாங்கும்? இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கோ" என்று அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தும்போது மறுப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த பரிசோதனைக்குக் கோவை போனபோது அத்தையையும் உடன் அழைத்துச் சென்றேன். "அம்மா, கூடுதலாக இரண்டு வாய் கொடுப்பதற்குப் பதிலாக, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கிண்ணம் கொடுங்கள்" என்று டயட்டீஷியன் அவரிடமே சொன்னார். அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து என்னைக் கூப்பிடும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். வீட்டில் சமைப்பவர் யாரோ, அவர் ஒருமுறையாவது டயட்டீஷியனை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளி சொல்லும்போது அடமாகத் தெரிவது, மருத்துவமனையில் சொல்லும்போது முறையாகத் தெரிகிறது.

நிறைந்துவிட்டது என்பதை வயிறு பழைய விதத்தில் சொல்வதில்லை. எனக்கு முதலில் விக்கல் வரும். சில நாட்களில் மூக்கில் நீர் வடியும். அதற்கும் மேல் ஒரு வாய் வைத்தால் நெஞ்சுக்குழியில் வலித்து, வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறி, சாப்பிட்டது மேலே வந்துவிடும். விக்கல் வந்த இடத்தில் கையைக் கழுவிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குப் பிறகே குடிப்பது. கிண்ணத்தில் முதலில் முட்டை, மீன், பன்னீர், அவரை என்று புரதம், அடுத்து காய், இடமிருந்தால் கடைசியில் சோறு. சோறும் சப்பாத்தியும் பிரெட்டும் உள்ளே பசைபோல ஒட்டிக்கொண்டதால் பல மாதங்கள் அவை எனக்குச் சரிப்படவில்லை. சாம்பாரில் ஊறிய இட்லி சீக்கிரமே ஒத்துக்கொண்டது.

நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் என்பது கேட்கச் சிறிய எண். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் ஏறத்தாழ 18 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான், பசியே இல்லாத ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய மலை என்பது புரியும். முதல் ஆறு மாதங்கள் புரோட்டீன் பவுடர் இல்லாமல் என்னால் அந்த எண்ணைத் தொட முடியவில்லை. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். எடை இயந்திரம் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இனி தேநீருக்கு வருகிறேன், எங்கள் ஊரில் இதுதான் பெரிய விஷயம். சிகிச்சைக்குப் பிறகு மல்டிவிட்டமின், இரும்புச் சத்து, கால்சியம், விட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உணவின் அளவு குறைந்துவிட்டது. அமிலமும், பி12 உட்கிரகிக்கப்படத் தேவையான புரதமும் சுரக்கும் பகுதியும் பெருமளவு போய்விட்டது. தேயிலையில் உள்ள டானின் முதலான பொருட்கள் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடுவதில்லை. கால்சியமும் இரும்பும் சேர்ந்து போனால், இரும்பு சேர்வதைக் கால்சியம் தடுக்கும். கால்சியத்தையும் ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கிப் பயனில்லை. அமிலம் குறைந்த வயிற்றுக்குக் கால்சியம் சிட்ரேட் வகையே ஏற்றது என்பதால், கடைக்காரர் கொடுத்த கார்பனேட் வகையை மாற்றி வாங்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் தேநீருக்கு எங்கே இடம்? காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், பள்ளியில் பதினொரு மணிக்கு ஒன்று, யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்று என்று வாழ்ந்தவள் நான். விடியற்காலையில் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரோடு இரும்பு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்தே அன்றைய முதல் தேநீர், மதிய உணவுக்குப் பின் ஒரு கால்சியம், இரவில் இன்னொன்று என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். முதல் மாதங்களில் தேநீரை முற்றிலும் நிறுத்தினேன். பிறகு சர்க்கரையில்லாமல், அரை டம்ளர். விருந்தினராகப் போகும் வீடுகளில், "டீச்சர், ஒரு டீயாவது குடியுங்கள்" என்று கொண்டுவந்தால், மாத்திரைக்கு ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்லி வெந்நீர் கேட்டேன். யாரும் மனம் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் மளமளவென்று இறங்கிய எடை, அடுத்து அப்படியே நின்றுவிட்டது. கல்லீரலிலும் தசையிலும் சேமித்துவைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. முதலில் காணும் வேகத்தில் இந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்குண்டு. அது முடிந்ததும் கொஞ்ச காலம் அசையாமல் இருப்பது அநேகமாக எல்லோருக்கும் நேர்வது என்று மருத்துவர் சொன்னது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் மட்டும் எடை பார்த்தேன்.

சர்க்கரை அளவு எடைக்கு முன்பே இறங்கத் தொடங்கியதால் மாத்திரைகளை மருத்துவர் உடனடியாகக் குறைத்தார். நான்காம் மாதம் முடி கொத்தாக உதிர்ந்தது. உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்திக்கும்போது முடி வேர்கள் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்வது இயல்பு. எனக்கு ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்தது. வயிற்றிலும் கைகளிலும் தோல் தளர்ந்து தொங்குகிறது, அது அப்படியேதான் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது குளிர். பிறந்தது முதல் இந்த மலையில் இருப்பவள். ஆனால் டிசம்பர், ஜனவரியில் கேத்திப் பள்ளத்தாக்கின் புல்வெளியில் உறைபனி வெளுத்துக் கிடந்தபோது, இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல் நுனிகள் மரத்து, வகுப்பில் சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் தவித்தேன். தைராய்டும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தன. தோலுக்கடியில் இருந்த கொழுப்புப் போர்வை மெலிந்துவிட்டதும், குறைந்த உணவுக்கு ஏற்ப உடம்பு வெப்பத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதும்தான் காரணம் என்றார்கள். உள்ளே கம்பளி பனியன் அணிந்தேன். ஏற்ற இறக்கத்தில் நடப்பதோடு, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கிப் பயிற்சியும் செய்தேன். தசை கூடக்கூடக் குளிரைத் தாங்கும் திறனும் மெல்லத் திரும்பியது. இன்று பள்ளிக்குப் போகும் ஏற்றத்தில் நிற்காமல் நடக்கிறேன்.

ஓராண்டு தாண்டியதும் பசி மீண்டும் தலைகாட்டியது. அப்போதுதான் உணவின் தன்மை முக்கியமாகிறது. கோழிக்கறியோ அவரையோ நாலு வாயில் நிறைவு தரும். ஊட்டி வர்க்கியோ சாக்லேட்டோ அப்படியல்ல. வாயிலேயே கரைந்து, வயிற்றில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும், நிறைவுக்கான எந்த அறிகுறியும் வராது. கடைத்தெருவில் நாலடிக்கு ஒரு பேக்கரி இருக்கும் ஊரில் இதை நினைவில் வைத்தாக வேண்டும். 69 கிலோ வரை இறங்கிய என் எடை இப்போது 73-ல் நிலைத்திருக்கிறது. மிகக் குறைந்த எடையிலிருந்து சில கிலோ ஏறி நிலைப்பது எதிர்பார்க்கப்படுவதுதான் என்றும், அது தொடர்ந்து ஏறினால் மட்டும் உடனே வரும்படியும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

சிகிச்சைக்குப் பின் வாந்தி விடாமல் தொடர்ந்தால், அது அடங்கட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். தயமின் என்ற பி1 சத்து சில வாரங்களிலேயே தீர்ந்து நரம்புகளைப் பாதிக்கும். அதற்கு ஊசி மருந்து உண்டு. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுவதால், சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். கட்டணத்தை விசாரிக்கும்போதே, சிகிச்சைக்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் டயட்டீஷியனைப் பார்க்க முடியும், தொலைபேசியில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, விட்டமின் டி பரிசோதனைகளை உங்கள் ஊர் ஆய்வகத்திலேயே செய்கிறார்களா, மாதிரியைக் கோவைக்கு அனுப்புகிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சென்ற முறை ஃபெரிட்டின் குறைவாக வந்ததால் இரும்பின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும், அதுவரை மாலைத் தேநீரையும் நிறுத்திவைத்திருக்கிறேன்.