அவங்களாச்சும் நடக்காம இருக்கட்டும்

நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவி 18.7 சதவீதம் காட்டியது. எடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்த அளவு 17. 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அறுவடைக்கு நின்ற சம்பா தரையோடு படுத்துவிட்டது. வயலில் தண்ணீர் வடியவில்லை. டயர் வைத்த அறுவடை மெஷின் இறங்காது என்பதால் பெல்ட் மெஷினுக்காக ஊர் ஊராகக் காத்துக் கிடந்தார்கள். கிடைத்தவர்கள் அறுத்த கையோடு நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். நான் அங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர். ஊர் வழக்கில் பில் கிளார்க்.

அந்தச் சாகுபடிக்கு மேட்டூர் அணையை 2022 மே 24-ஆம் தேதியே திறந்திருந்தார்கள். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீருக்குக் குறைவில்லாத வருடம் என்று எல்லோரும் சந்தோஷமாக நட்டார்கள். கடைசியில் தண்ணீரே வந்து கெடுத்தது.

18.7 காட்டியது ஓர் ஆயாவின் நெல். இரண்டு ஏக்கர் குத்தகை, போட்டிருந்தது சி.ஆர். 1009 ரகம். நாற்றங்காலில் விதை விட்டதிலிருந்து 155 நாள் காத்திருக்க வேண்டிய பயிர். நான் கருவியை எடுப்பதற்கு முன்பே அவர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து கொஞ்சம் நெல் எடுத்தார். மேலே காய்ந்திருப்பதை எடுக்கவில்லை, அடியில் இருப்பதை எடுத்தார். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல் என்றால் கடக்கென்று உடையும். இது உடையவில்லை, நசுங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது.

"இன்னும் ஒரு நல்ல வெயில் கேக்குது தம்பி" என்றார், அவராகவே.

அப்புறம்தான் நான் கருவியின் கிண்ணத்தில் நெல்லைப் போட்டுத் திருகினேன். எண் வந்தது. "எடுக்க முடியாது ஆயா, காய வச்சுக் கொண்டாங்க" என்றேன். "சரி தம்பி" என்றார். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

களத்தில் இடமில்லை. அதனால் தார்ச்சாலையின் ஓரத்தில் நெல்லைப் பரப்பினார். பரப்பிவிட்டு வெறுங்காலோடு அதில் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். பாதம் போன இடத்தில் ஈர நெல் மேலே புரண்டு வரும். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வரப்புகள் மாதிரி கோடு விழும். அடுத்த முறை அந்த வரப்பின் மேலேயே நடந்து அதைக் கலைப்பார். நெல்லின் சுணை கணுக்கால் வரை ஏறி அரித்திருக்க வேண்டும். நடுநடுவே நின்று ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொள்வார். பத்து மணி வரை பனி விலகவில்லை. மூன்று மணிக்கு மேல் மீண்டும் மேகம் வந்துவிட்டது. இடையில் கிடைத்த வெயில் முழுவதும் அவர் நடந்தார். எடை போட நெல் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த லோடுமேன் அண்ணன் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருடன் இறங்கி நடந்தார். அவருக்கும் மூட்டைக் கணக்கில்தான் கூலி. நெல் காயாத நாளில் அவருக்கும் கூலியில்லை. ஆனால் அதற்காக அவர் இறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் மேசையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் நெல்லைக் கூட்டிக் குவித்தபோது ஒரு தார்ப்பாய் கொடுத்தேன். வாங்கிய மூட்டைகளை மூடுவதற்காக வைத்திருந்த தார்ப்பாய் அது. கொடுத்ததில் எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியின் மேல் இன்று அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அதே நாளில் இன்னொருவரும் வந்திருந்தார். நடுவயது. அவருடைய நெல் 21-க்கு மேல். எண்ணைச் சொன்னதும் ஒரு பிடி நெல்லை அள்ளி என் பதிவேட்டின் மேல் வீசினார். "இந்த மெஷினைத் தூக்கி வெண்ணாத்துல போடுங்க" என்று கத்தினார். அவர் சொன்ன மற்றவற்றை இங்கே எழுத வேண்டாம். எனக்குக் கை நடுங்கியது. லோடுமேன்கள் அவரை அணைத்துக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னது இதுதான்: இரண்டு பேருக்கும் ஒரே மழை, ஒரே இழப்பு. ஒருவர் அமைதியாக இருந்தார், இன்னொருவரால் இருக்க முடியவில்லை. அமைதி வெளியிலிருந்து வருவதில்லை என்று அந்த ஆயா எனக்குக் காட்டிவிட்டார். அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது அதை மனசார நம்பினேன்.

சில நாள் கழித்து அவர் நெல் காய்ந்தது. கருவியில் 17.1. நான் 17 என்று எழுதிக்கொண்டேன். 40 கிலோ சிப்பம் பிடித்து, எடை போட்டு, சணல் தைத்து அடுக்கினார்கள். அந்தப் பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,115 ரூபாய். சிப்பத்துக்கு 846. காய்ந்ததில் எடை குறைந்திருந்தது. அதையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியின் பிற்பாதியில் உத்தரவு வந்தது. மத்தியக் குழு டெல்டா மாவட்டங்களைச் சுற்றி நெல் மாதிரி எடுத்துக்கொண்டு போயிருந்தது. வரும் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த தளர்வு வந்துவிட்டது. 20 சதவீதம் வரை எடுக்கலாம். அன்று நிலையமே வேறு மாதிரி இருந்தது. விடிந்ததிலிருந்து எடை ஓடியது. 19.4 காட்டிய ஒரு குவியலுக்குச் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஆயா வந்தார். பணம் எப்போது கணக்கில் ஏறும் என்று கேட்க வந்திருந்தார்.

நானாகத்தான் சொன்னேன். அவர் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று தோன்றியது. "ஆயா, இன்னிலேருந்து இருபது வரைக்கும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் அந்தக் குவியலைப் பார்த்தார். குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார். நசுங்கியிருக்கும். வாயிலிருந்து உமியை எடுத்துவிட்டு, "நல்லதுதான் தம்பி. அவங்களாச்சும் நடக்காம இருக்கட்டும்" என்றார்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தில் ஏதாவது இருந்ததா? சொல்வதற்கு முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாரா, அல்லது உமி பல்லில் மாட்டிக்கொண்டதால் வந்த தாமதமா? என்னைப் பார்த்துச் சொன்னாரா, நெல்லைப் பார்த்தா? நெல்லைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் எனக்கு அது பெரிய வரமாகவே இருந்தது. காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு அன்பைப் பற்றிக் கேட்கக் குறைவே இல்லை. பாடல் பெற்ற கோயில் இல்லாத திசை கிடையாது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலிருந்தும் வேண்டுதலோடு போகிறவர்கள் உண்டு. இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த நான், தனக்குக் கிடைக்காத சலுகை அடுத்தவருக்குக் கிடைத்தபோது வயிறு எரியாமல் ஒருவர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதுவும் காலில் அரிப்பு ஆறாத நிலையில். இதற்கு மேல் என்ன உபதேசம் வேண்டும் என்று நினைத்தேன்.

இதை என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாழ்நாள் முழுக்க நடவுக்கும் களைக்கும் போனவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "அது கோவப்பட்டா அடுத்த வெள்ளாமை நெல்லை எங்கடா கொண்டுபோவும்? அந்த வெளியில மேசை போட்டு உக்காந்திருக்கிறது நீதான?"

அன்றிலிருந்து என் நிம்மதி போனது.

அம்மா சொன்னது சரி என்றால், நான் ஆன்மிகம் என்று எடுத்துக்கொண்டது ஓர் ஏழைக் குத்தகைதாரரின் முன்யோசனை. கத்திய மனிதரிடம் சொந்த நிலம் இருந்தது. கத்தும் தைரியம் அதனால் வந்திருக்கலாம். ஆயாவுக்கு அந்த இடமும் இல்லை. அப்படியென்றால் நான் அன்று ராத்திரி மனைவியிடம் சொன்ன பாடம் என்ன ஆகும்? கத்தியவரின் கோபமும் 155 நாள் பார்த்துப் பார்த்து வளர்த்த பயிரின் மேல் இருந்த பாசம்தானே? அதை அமைதியின்மை என்று தள்ளிவிட நான் யார்?

திருப்புன்கூர் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது. வெளியே நின்ற நந்தனார் பார்க்கட்டும் என்று நந்தி விலகிக்கொண்டதாகச் சொல்லும் கோயில். நந்தி இன்றும் நேர்க்கோட்டில் இல்லாமல் தள்ளித்தான் இருக்கிறது. சின்ன வயதில் அதை இறைவனின் அன்புக்குச் சாட்சியாக மட்டும் கேட்டேன். இப்போது அங்கே நின்றால், நந்தி விலகியது, சரி, அவரை உள்ளே வராதே என்று நிறுத்தியவர்கள் விலகினார்களா என்று மனசு கேட்கிறது. வெளியே நின்றவரின் பொறுமையைப் பாடிப் பாடி, நிறுத்தி வைத்ததை நாம் மறந்துவிட்டோமோ என்று ஒரு பயம். அந்தப் பயம் என் மேசையைப் பற்றியதும்தான்.

ஆனால் என் பக்கமும் நான் சொல்லத்தான் வேண்டும். 17 என்பது யாரையும் வதைக்க வைத்த எண் இல்லை. ஈர நெல்லை மூட்டை பிடித்து அடுக்கினால் உள்ளே சூடேறும். அரிசி பழுப்பாகும், சில சமயம் முளையே விடும். அந்த அரிசி ரேஷன் கடைக்குத்தான் போகும், அந்த ஆயாவின் அடுப்புக்கே திரும்பி வரும். காய்ந்தபின் எடை குறைந்தால் கேள்வி எழுத்தரிடம்தான் வரும், பருவகாலச் சம்பளத்தில் அதை ஈடுகட்ட முடியாது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். அன்று 18.7-ஐ எடுத்திருந்தால் பின்னால் நின்ற 19-க்கும் 21-க்கும் என்ன சொல்லியிருப்பேன்? லாரி வராமல் வாங்கிய மூட்டைகளே வெளியில் அடுக்கிக் கிடந்த நேரம். நான் செய்தது சரிதான்.

சரிதான் என்று எழுதும்போதே 17.1 வந்து நிற்கிறது. அந்த 0.1-ஐ விடத் தெரிந்த கை 1.7-ஐ விடவில்லை. எந்தப் புள்ளி வரைக்கும் அது இரக்கம், எந்தப் புள்ளியிலிருந்து விதிமீறல்? இரண்டு வாரம் கழித்து ஒரு கையெழுத்து வந்து அந்தக் கோட்டை 20-க்கு நகர்த்தியது. ஈர நெல்லின் அரிசிக்கு என்ன நடக்குமோ அது அப்போதும் நடக்கத்தான் போகிறது. அப்படியென்றால் அவர் நடந்தது எதற்காக?

அம்மா சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கருவிக்கு முன்பே ஈரம் என்று சொன்னது அந்த ஆயாதான். அடியிலிருந்து நெல்லை எடுத்ததும் அவர்தான். என் மேசைக்குப் பயந்தவர் மேலே காய்ந்திருந்த நெல்லை நீட்டியிருப்பார். எவ்வளவோ பேர் நீட்டுகிறார்கள், நானும் குறை சொல்ல மாட்டேன். அவர் நீட்டவில்லை. தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் நெல்லைப் பற்றி உள்ளதைச் சொன்னவர், இரண்டு வாரம் கழித்து மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைச் சொல்லியிருப்பாரா? இதை நினைத்தால் மீண்டும் முதல் நாள் நினைத்ததே உண்மை என்று தோன்றுகிறது. ராத்திரி அப்படித் தோன்றும். காலையில் கருவியைக் கையில் எடுக்கும்போது அம்மா சொன்னதுதான் முன்னால் வரும்.

உடன் வேலை பார்த்த காவலர் அண்ணனிடம் ஒருமுறை இதைப் பேசினேன். "ரெண்டும்தான் இருக்கும். ஏன் ஒண்ணுதான் இருக்கணும்ங்குற?" என்றார். பயமும் அன்பும் ஒரே ஆளிடம் ஒரே வார்த்தையில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. இருக்கலாம். ஆனால் அதில் எது எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அன்பாக இருந்தது எனக்குக் கிடைத்த பாடம். பயமாக இருந்தது நான் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

ஆயா இப்போதும் நெல் கொண்டுவருகிறார். நடை தளர்ந்திருக்கிறது, பேரன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறான். என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கியளா தம்பி, புள்ளைங்க நல்லா இருக்கா?" என்று கேட்பார். அன்று சொன்னதைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று வாய் வரை வரும். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அட அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்பார். என் மனசு ஆறுவதற்காக அவர் இன்னொரு முறை எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். அதனால் கேட்கவில்லை.