புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சை: டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

அறுபதைத் தாண்டிய ஆண் என்றால் மனைவி இருப்பாள் என்று யூராலஜிஸ்ட் தானாகவே எடுத்துக்கொள்வார். "அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்பார். உங்கள் துணை ஓர் ஆண் என்பதைச் சொல்லாமல் அங்கே தலையாட்டிவிட்டு வந்தால், பிறகு கிடைக்கும் ஆலோசனையில் பாதி உங்களுக்கு உதவாது.

ஏன்? ஆசனவாய் உறவில் டாப்பாக (நுழைப்பவராக) இருப்பவருக்கு, பெண்ணுறுப்புக்குத் தேவைப்படுவதைவிட உறுதியான விறைப்பு வேண்டும். "ஓரளவு வருதே, போதும்" என்று டாக்டர் திருப்திப்படும் நிலை இவருக்குப் போதாது. பாட்டமாக (ஏற்பவராக) இருப்பவருக்கோ இன்பத்தில் பெரும்பங்கு புராஸ்டேட்டிலிருந்தே வருகிறது. ஆபரேஷன் அதை எடுத்துவிடும். கதிர்வீச்சு விட்டுவைக்கும், ஆனால் பக்கத்திலிருக்கும் மலக்குடல் சுவரைப் புண்ணாக்கலாம். வலி, ரத்தக்கசிவு வரலாம். எது பரவாயில்லை என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும், அதுவும் சிகிச்சைக்கு முன்னால்.

பாட்டமாக இருப்பவர்கள் காத்திருக்கவேண்டிய காலத்துக்கு பிரிட்டன் நிபுணர்கள் சொல்லும் கணக்கு இது: ஆபரேஷனுக்குப் பிறகு 6 வாரம், வெளிக்கதிர்வீச்சு முடிந்து 2 மாதம், உள்ளேயே தங்கிவிடும் கதிர்வீச்சு விதைகள் வைத்தால் 6 மாதம். விதையில் பெரும்பாலும் இருப்பது அயோடின்-125. அதன் வீரியம் பாதியாகவே சுமார் 60 நாள் ஆகும். அந்த ஆறு மாதத்துக்குள் உறவு கொண்டால் துணைவரின் உறுப்பிலும் கதிர் படும். புராஸ்டேட் இன்னும் உள்ளவர்கள் புராஸ்டேட்டின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் பாட்டம் உறவைத் தவிர்க்கவேண்டும். அழுத்தத்தால் அளவு கூடிக் காட்டலாம்.

விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். பிரியாணிக்கு மேல் போட்டுவிட்டு மருந்து போலி என்று திட்டுவதில் பயனில்லை. கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும். பாப்பர்ஸோடு (உறவின்போது சிலர் முகரும் நைட்ரைட் திரவம்) சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எச்ஐவிக்கு ரிடோனாவிர் கலந்த மருந்து எடுப்பவர்களுக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராம்தான் உச்ச அளவு. டோலுடெக்ராவிரில் இந்தத் தொல்லை இல்லை.

ஆபரேஷனில் நரம்புகள் போய்விட்டால் மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யாது. அடுத்தது உறுப்பிலேயே போடும் ஊசி. அளவை டாக்டர் முன்னிலையில் பழகிக்கொள்ளவேண்டும். விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். வேக்யூம் பம்ப் என்றால் விறைப்பைப் பிடித்துவைக்க உறுப்பில் மாட்டும் வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிடவேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வராது, உச்சம் வரும். அப்போது சிலருக்குக் கொஞ்சம் சிறுநீரும் கசியும். முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டு ஆணுறை போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். துணைவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படுக்கையில் விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம்.