இரண்டு சென்டிமீட்டர் காற்று

ஸ்வீடனில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், துளிகூட ஆக்சிஜன் இல்லாத ஒரு டப்பாவுக்குள் ஆக்சிஜன் இருப்பதாக, லேசர் ஒளியால் வாயுவை அளக்கும் எங்கள் கருவி அடம்பிடித்தது. உடம்புத் தசையைப் போல ஒளியைச் சிதறடிக்கும் பொருளில் செய்த டப்பா, நடுவில் ஒரு குழி, குழி நிறைய நைட்ரஜன். திரையில் நேர்கோடு வந்திருக்க வேண்டும், வந்ததோ அழகான ஒரு மேடு. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினேன், டேப் சுற்றினேன், கடைசியில் சிலிண்டரையே சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் போயிற்று. பக்கத்து மேசை சீனியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு நைட்ரஜன் குழாயை எடுத்து லேசர் இருந்த பெட்டிக்குள் செருகினார். கொஞ்ச நேரத்தில் மேடு படுத்துவிட்டது. லேசருக்கும் ஒளியை டப்பாவுக்குக் கொண்டுபோகும் ஃபைபருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, அதிலிருந்த அறைக்காற்றைத்தான் நான் அவ்வளவு சிரத்தையாக அளந்துகொண்டிருந்தேன்.

ஒளியைச் சிதறடிக்கும் பொருளுக்குள் அடைபட்ட வாயுவை லேசரால் அளக்கும் இந்த முறையின் பெயர் காஸ்மாஸ் (GASMAS). ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுனே ஸ்வான்பெர்க்கின் குழு 2001-இல் வெளியிட்டது, அப்போது அளந்தது தெர்மாகோல் துளைகளுக்குள் இருந்த காற்றை. ஆக்சிஜனுக்கு 760 நானோமீட்டர் லேசர். கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், மங்கல்தானே என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினால் கண் போச்சு. தசையும் ரத்தமும் ஒளியை விழுங்கத்தான் செய்கின்றன, ஆனால் அகலமாக, சோம்பேறித்தனமாக. வாயு விழுங்குவது மயிரிழை போன்ற கோடுகளில், அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஒடுக்கமாக. லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அந்தக் கோட்டின் மேல் அலைநீளத்தை நகர்த்தினால், சட்டென்று விழும் சின்னப் பள்ளம் வாயுவுடையது. (மேடாகத் தெரிவது நாங்கள் சிக்னலைப் பிரித்தெடுக்கும் விதத்தால்.) பள்ளம் எவ்வளவு சின்னது என்றால், பல நேரம் பத்தாயிரத்தில் சில பங்கு.

சரி, பள்ளம் கிடைத்தது, அதை வைத்து எத்தனை சதவீதம் என்று எப்படிச் சொல்வது? ஒளி உள்ளே பட்டுத் தெறித்து அலைகிறது, வாயுவுக்குள் எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இன்றும் பிடித்த விஷயம்: நீராவியை அளவுகோலாக வைப்பது. உடம்புக்குள் இருக்கும் குழி எப்போதும் ஈரம், 37 டிகிரியில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. 935 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு லேசரால் நீராவியை அளந்தால், அடர்த்திதான் தெரியுமே, தூரம் வந்துவிடும். அதை எடுத்து ஆக்சிஜன் கணக்கில் போட வேண்டியதுதான். ஆனால் இரண்டு அலைநீளமும் ஒரே பாதையில்தான் போகும் என்று யார் சொன்னது? தசையிலுள்ள தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. எங்கள் மீட்டிங்கில் காப்பி ஆறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இவ்வளவு பாடும் பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்காக. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தைப் பற்றிச் சொல்லும், நுரையீரலில் ஒரு பகுதி சுருங்கிக் கிடப்பதைச் சொல்லாது. எக்ஸ்ரே சொல்லும், ஆனால் நிமிடத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க முடியுமா? குழந்தையின் மார்புச் சுவர் மெல்லியது, அதனால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புகிறது. 2013-இல் லுண்ட் குழு ஆரோக்கியமான பச்சிளம் குழந்தைகளிடம் அளந்து காட்டியது. என்னைப் போன்ற ஆளின் மார்பில் இந்தப் பாச்சா பலிக்காது.

பெரியவர்களுக்குச் சைனஸ்தான், அதாவது முக எலும்புக்குள் இருக்கும் காற்றுக் குழிதான் வசதி. கன்னத்து சைனஸுக்கு ஃபைபரை வாய்க்குள் மேலண்ணத்தில் வைத்து, வெளியே வரும் ஒளியைப் பிடிக்கும் டிடெக்டரைக் கன்னத்தில் ஒட்ட வேண்டும். எச்சில் ஒழுகும், பேச முடியாது, சிரித்தால் எல்லாம் போச்சு. வழக்கமாக எங்களில் யாராவதுதான் உட்காருவோம். ஒரு நவம்பரில் எனக்குக் கடுமையான ஜலதோஷம், லீவு கேட்கப் போனவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். இடது கன்னத்தில் வழக்கமான மேடு. வலதில் ஆக்சிஜன், நீராவி இரண்டுமே காணோம், சளி அடைத்துக் காற்றுக்கே இடமில்லை. மூன்றாவது வாரத்தில் இல்லாத வாயுவைக் காட்டி என்னை அலைக்கழித்த அதே கருவி. எல்லோருக்கும் ஏக சந்தோஷம், ஒருவர் எனக்கு டிஷ்யூ டப்பாவை நீட்டிக்கொண்டே, வலது பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.