கேன்சர் கட்டியும் என்ற லேப்டாப்பும்
"ஏஞ்சாமி, ஆஸ்பத்திரில பாக்கற நோவ நீ கம்ப்யூட்டர்ல என்னத்தப் பாக்கற"னு அம்மாயி கேட்டுட்டே இருக்குதுங்க, அதான் எழுதறேன்.

டிசிஜிஏனு அமெரிக்கால கேன்சர் கட்டிகளோட ஜீன் விவரத்தச் சேத்து வெச்ச டேட்டா, தலை கழுத்து கேன்சர்ல மட்டும் ஐநூறு கட்டிக்கு மேல, காசே இல்லாம பொள்ளாச்சில உக்காந்துட்டு இறக்கிக்கலாம், ஆனா கூட வெச்சு ஒப்பிட்டுப் பாக்க கேன்சர் இல்லாத நல்ல சதை சாம்பிள் 44தான், அது எனக்கு அவ்ளோ திருப்தியில்லீங்க.

நல்ல சதையவிட கட்டில எந்த ஜீன் கூடக்கொறைய வேலை செய்யுதுனு கிட்டத்தட்ட 20,000 ஜீன ஒரே மூச்சுல டெஸ்ட் பண்றோமுங்க, தற்செயலா இப்படி வர்ற வாய்ப்புக்கு (பி-வேல்யூ) 0.05னு கோடு போட்டா ஒண்ணுமே இல்லாட்டியும் ஆயிரம் ஜீன் தற்செயலா உள்ள வந்து நிக்கும், அதனால எஃப்டிஆர்னு, லிஸ்ட்டுல வந்ததுல பொய்யா வந்தது எத்தன பங்குனு பாக்கற கணக்கப் போட்டு சலிக்கோணும். இன்னொரு கூத்து, நாக்குப் பக்கத்து நல்ல சாம்பிள்ல தசையும் சேந்து வந்துரும், அப்ப லிஸ்ட்டுல மேல பூரா தசை ஜீனா நிக்கும், அதப் பாத்துட்டு கேன்சர் ஜீன் கெடச்சுதுனு குதிக்கக் கூடாது!

பொகை, போயலைனால வர்ற கட்டில கட்டி வராமத் தடுக்கற டிபி53ங்கற ஜீன் கெட்டுப்போறது ரொம்ப சகஜம், ஹெச்பிவி வைரஸ்ல வர்றதுல அது அபூர்வம், அதுல பிஐகே3சிஏங்கற ஜீன் மாறிப்போறது ஜாஸ்தி. நம்மூர்ல வெத்தலையோட போயலைய அடக்கற கன்னப்பக்கத்துக் கட்டிக்கு இந்திய டீம் 2013லயே தனியா சீக்வென்ஸ் பண்ணி, அதாவது டிஎன்ஏவ எழுத்தெழுத்தாப் படிச்சிருக்காங்க, மாறிப்போன ஜீன்கள்ல யூஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 எல்லாம் அதுல வந்துச்சு, அடுத்து அதத்தான் தோண்டப் போறேன்.