மூன்றாம் குப்பி எங்கிருந்து வந்தது?

ஐந்து வாரங்கள் என் மகன் பால் குடிக்கவில்லை. சப்பாத்தி, முட்டை, பிஸ்கெட் எதையும் தொடவில்லை. இடையில் அவனுடைய எட்டாவது பிறந்தநாளும் கேக் இல்லாமல் கழிந்தது. எல்லாம் ஒரு பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் இருந்த 34 என்ற எண்ணால்.

வயிற்றுவலிக்காக வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் எண்டோஸ்கோபி செய்து, உள்ளிருந்து எடுத்த சதைத் துணுக்குகளைக் குப்பிகளில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது ஒரே நாளில் நல்லபடியாக முடிந்தது. ரிப்போர்ட்டில் நான்கே வரிகள், ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளையணுவின் எண்ணிக்கை. குப்பி 1: ஈசினோஃபில் இல்லை. குப்பி 2: 11. குப்பி 3: 34. குப்பி 4: 12. அடியில், 'ஈசினோஃபில் மிகுதி'. அன்று பார்த்த மருத்துவர் "15-க்கு மேல் போனாலே நோய்தான்" என்று உணவுத் தடைப் பட்டியலை நீட்டினார். ரத்தப் பரிசோதனையில் சரியாகத்தானே இருந்தது என்று கேட்டேன். ரத்த அளவை வைத்துக் குடலைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார். அது ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னார்.

மனம் கேட்காமல் குழந்தைகளுக்கான குடல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: "மூன்றாம் குப்பியில் இருந்தது எந்த இடத்துச் சதை?"

நாங்கள் விழித்தோம். அவரே விளக்கினார். உணவுக்குழாயில் ஈசினோஃபில் பொதுவாக இருக்கவே கூடாது. ஒரு பார்வைப் புலத்தில், அதாவது நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டத்தில், 15 என்ற வரம்பு உணவுக்குழாய்க்கு மட்டும்தான். உணவுக்குழாயைத் தாண்டிப் போனால், குடலில் அவை இயல்பாகவே குடியிருப்பவை. சிறுகுடலில் கூடும், பெருங்குடலின் ஏறுபகுதியில் உச்சம் தொடும், மலக்குடலை நெருங்கும்போது குறையும். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் இல்லாத குழந்தைகளிடமே டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கத்தில்) 26 வரை, ஏறுபகுதியில் 50 வரை, மலக்குடலில் 32 வரை எண்ணியிருக்கிறார்கள். நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி பார்வைப் புலத்தின் பரப்பும் மாறும். ஆக, 34 உணவுக்குழாயில் என்றால் வியாதி. ஏறுபகுதியில் என்றால் ஒன்றுமில்லை.

குப்பிகளின் பட்டியல் எண்டோஸ்கோபி அறையில் இருக்கும் என்றார். அங்கே தொடங்கியது அலைச்சல். பெங்களூரு அல்சூரிலிருந்து மூன்று முறை போனேன். பதிவேட்டு அறை எழுத்தர் முதல் நாள் மருத்துவரின் கடிதம் கேட்டார். இரண்டாம் நாள் கடிதம் கொண்டுபோனேன். குழந்தையின் ஆதாரும் அப்பாவின் கையெழுத்தும் வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும்? கேட்டதற்கு "நாளெ பன்னி" என்றார் கன்னடத்தில். கூட வந்திருந்த மாமியார் கும்பகோணத்துக்காரர். அவர் காதில் அது வேறு விதமாக விழுந்துவிட்டது. "நாளைக்கு வாருங்கள் என்கிறார் அத்தை" என்று சமாதானம் சொல்லி அழைத்துவந்தேன்.

மூன்றாம் நாள் எழுத்தரிடம் போகவே இல்லை. நேராக எண்டோஸ்கோபி அறைக்குப் போனேன். செவிலியர் ஒருவர் நீல அட்டை நோட்டைத் திறந்து இரண்டே நிமிடத்தில் காட்டினார். 1 உணவுக்குழாய், 2 டியோடினம், 3 பெருங்குடல் ஏறுபகுதி, 4 மலக்குடல். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்த அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் நன்றி.

எண்டோஸ்கோபிக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் இதை அன்றைக்கே செய்துவிடுங்கள். மயக்கம் தெளிந்து கிளம்பும் முன், எந்தக் குப்பியில் எந்த இடத்துச் சதை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இடத்தின் பெயர் இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். ஈசினோஃபில் உண்மையிலேயே கூடியிருந்தாலும், குடல் புழு, உணவு ஒவ்வாமை எனப் பல காரணங்கள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் வளரும் பிள்ளைதான் மெலியும். என் மகன் மெலிந்தான்.

வலிக்குக் காரணம்? மலச்சிக்கல். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி ஒன்று, காலையில் கழிப்பறையில் பத்து நிமிடம் உட்காரும் பழக்கம். இரண்டு வாரத்தில் வலி பெரும்பாலும் போய்விட்டது.

பிறகு, இடங்களின் பெயரோடு திருத்திய ரிப்போர்ட் கேட்டு மறுபடியும் அந்த எழுத்தரிடம் போனேன். இருநூறு ரூபாய் கட்டணம் என்றார். ஒரு பைசா கொடுக்காமல், அரை மணி நேரம் நின்று சண்டை போட்டு வாங்கிவந்தேன்.